நாலு நிமிசம் இருவது செகண்டு

இல்ல அண்ணாச்சி, மேல வைக்க முடியாது. கண்டக்டரும் ஏறுனதுல இருந்து மேல போடுங்க, மேல போடுங்கன்னு அதையேதான் சொல்லுதாரு. மேல போட்டா ஒரு பிரேக்குக்கு இது பறந்து வந்து எவன் மண்டையிலயாவது விழும். மடியிலயே இருக்கட்டும். ஒங்களுக்கு இடிக்கா? கொஞ்சம் இங்கிட்டு நகத்திக்கிடுதேன். இப்பச் சரியா?

பயப்படாதீய, வெடிக்கிற சாமான் ஒண்ணும் இல்ல. ஸ்விட்ச்சு. லைட்டு போடுத சுவிச்சு இல்ல, நெட்வொர்க் ஸ்விட்ச்சு. இருவத்திநாலு ஓட்டை இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு வயரு சொருகி டிவி, கேமரா, கம்ப்யூட்டர்னு கொண்டு போவோம். போர்ட்டும்பாங்க அந்த ஓட்டையை. இதை மதுரைக்குக் கொண்டு போறேன். காலையில கம்பெனி சர்வீஸ் சென்டர்ல குடுத்து, கோளாறு இதுலதான், இதைப் போட்டவன் மேல இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கணும். லெட்டர்பேடுல, சீல் வச்சு. அது இல்லாம எங்க அக்கா வீட்டு வாசப்படிய நான் மிதிக்க முடியாது. இருவத்தாறு நாள் ஆச்சு அண்ணாச்சி. கூடப் பெறந்தவ, ஒரே ஊரு, எதுக்க வந்தா முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போறா.

எம்பேரு குத்தாலிங்கம். தென்காசியில கேமரா, நெட்வொர்க்கு வேலை பாக்கேன். பத்தொம்பது வருசமாச்சு. இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டாந்து விட்டதே அத்தான்தான். அக்கா வீட்டுக்காரரு, ஆவுடைநாயகம். வயரு நுனியில கிளிப்பு அடிக்கிற கட்டிங் பிளேயர் மாதிரி ஒண்ணு இருக்கும் பாத்தியளா, என் மொதல் கிரிம்பர், அது அவரு வாங்கிக் குடுத்ததுதான். இன்னைக்கும் பையில கெடக்கு.

அத்தானுக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா போன் அடிச்சிருவாரு. எனக்கு மட்டும் இல்ல, தங்கச்சிக்கு, சித்தப்பா மக்களுக்கு, வரிசையா எல்லாருக்கும். பெருசா ஒண்ணும் இருக்காது. 'என்னடே மாப்ள, சாப்ட்டியா? பிள்ளைய எங்க? வேலை எப்பிடிப் போவுது?' அவ்வளவுதான், வச்சிருவாரு. ஆறு மணிக்கு எவன் சாப்புடுவான்? நானும் 'ஆமா அத்தான், ஆமா அத்தான்'னு சொல்லிட்டு வேலையப் பாப்பேன். ஏணியில நிக்கும்போது அடிச்சா எரிச்சலாக்கூட வரும். பொய் சொல்லுவானேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால அவருக்கு வாதம் அடிச்சிருச்சு. வலது பக்கம் முழுக்கப் போச்சு. பேச்சும் போச்சு. வீல்சேருதான். ஆனா புத்தி தெளிவா இருக்கு. நம்ம ஒண்ணு கேட்டா, ஆமான்னா 'ம்'ம்பாரு. இல்லைன்னா கண்ண மூடிக்கிடுவாரு. அக்காவும் அவரும் அப்பிடியே நாள் பூராப் பேசிக்கிடுதாங்க. 'தண்ணி வேணுமா? பேன் போடவா? காலை நீட்டிக்கிடுதியளா?' அவ கேட்டுக்கிட்டே இருப்பா, அவரு ம்மு, ம்முன்னு. நான் வாராவாரம் போவேன். டிவியில எதாவது சேனல் வரலைன்னா சரி பண்ணிக் குடுத்துட்டு ரெண்டு நிமிசத்துல வந்துருவேன். பேச்சே வராத மனுசங்கிட்ட ஒக்காந்து என்னத்தப் பேச? அவரு போனை மட்டும் அக்கா இன்னும் சார்ஜ் போட்டுத் தலைமாட்டுல வச்சிருக்கா. எதுக்குக்கான்னா, இருக்கட்டும்டாங்கா.

அவருக்கு ஒரே மக, தாரிணி. அவ கல்யாணம்தான் அண்ணாச்சி, அங்கதான் வெனை.

மண்டபத்துல மணவறை மாடியில. சாப்பாடு அதுக்கும் மேல. சமையல் கீழ. லிப்ட்டு ஒண்ணு இருக்கு, ஆடி மாசத்துல இருந்து ஓடல, கதவுல கோலப் பொடி அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருக்கானுவ. கீழ இருந்து மணவறைக்கு இருவத்திரெண்டு படி. அத்தானை எப்பிடி மேல கொண்டு போறதுன்னு பேச்சு வந்துச்சு. அக்கா என்ன சொன்னா, நாலு பேரைப் பிடிச்சு நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருவோம்ன்னா. நான் ஒரே பிடியா மாட்டேன்னுட்டேன். 'மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னால அவரைச் சப்பரம் மாதிரி தூக்கிட்டு வருவியா? எவ்வளவு ரோசக்கார மனுசன், குறுகிப் போயிருவாரு'ன்னேன். அவரு பக்கத்துலதான் இருந்தாரு. அக்கா அவரைத் திரும்பிப் பாத்து வாயத் தொறக்கப் போனா. நான்தான், 'நீ சும்மா இருக்கா, அவரை எனக்குத் தெரியாதா'ன்னு மறிச்சிட்டேன். கீழ ஆபீசுக்குப் பக்கத்து ரூம்ல அம்பத்தஞ்சு இஞ்சு டிவி போடுதேன், ஏசி போடுதேன், பூ விழுதது மொதக்கொண்டு தெரியும், முன்வரிசையில இருக்கவனுக்குக்கூட அப்பிடித் தெரியாதுன்னு சொன்னேன். சொன்னமாரி போட்டும் குடுத்தேன். எங்கிட்டக் குத்தம் சொல்ல முடியாது.

இந்த ஸ்விட்ச்சு வேலை என்னன்னு சொல்லுதேன், கேளுங்க. பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டு வாரவன் கண்ண மூடிக்கிட்டு எல்லா எலையிலயும் ஊத்திக்கிட்டே போனா என்ன ஆவும்? பாயாச எலையிலயும் சாம்பார் விழும். சாதா ஸ்விட்ச்சு அப்பிடித்தான். கேமராவுல இருந்து வார படத்தை இருவத்திநாலு போர்ட்டுலயும் கொட்டும். மானேஜர் கம்ப்யூட்டர் திணறும், போனு இழுக்கும், கடைசியில படமே கட்டங்கட்டமா ஒடையும். அதுக்கு மல்டிகாஸ்ட்டுன்னு ஒரு செட்டிங் உண்டு. அதை வச்சா, எந்த டிவி கை நீட்டுதோ அந்த டிவி இருக்க போர்ட்டுக்கு மட்டும் படம் போவும். மத்த போர்ட்டு சிவனேன்னு கெடக்கும். அந்த மண்டபத்துல மூணு கல்யாணம் இதே செட்டிங்குல ஓட்டியிருக்கேன். ஒரு சொணக்கம் கெடையாது.

நம்ம வீட்டுக் கல்யாணமாச்சே, இன்னும் நல்லா இருக்கட்டும்னு முந்தின வாரம் எல்லாத்தையும் சுத்தம் பண்ணுனேன். இருவத்திநாலாவது போர்ட்டுல ஒரு பழைய ரவுட்டர் கெடந்துச்சு. அழுக்குப் பிடிச்சு, ஒரு பச்ச லைட்டு மட்டும் மினுக்கு மினுக்குன்னு. என்ன வேலை பாக்குன்னே தெரியல. அதைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுனேன். முந்தின நாள் மத்தியானம் ஏழு டிவியையும் போட்டுப் பாத்தேன். ஒரு டிவிக்கு ரெண்டு நிமிசம். கண்ணாடி மாதிரி படம். தாரிணி வந்து பாத்துட்டு, 'மாமா, அப்பா என்னைய இதுல நல்லாப் பாப்பாருல்லா?'ன்னா. பாப்பாரு தாயி, ஒன் கண்மை கரைஞ்சாக்கூடத் தெரியும்ன்னேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில ஏழரைக்கு அத்தானைக் கொண்டாந்து அந்த ரூம்ல இருத்தியாச்சு. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, அக்கா தலை சீவிவிட்டு விபூதி பூசியிருந்தா. டிவியப் போட்டேன். மணவறையில பூ கட்டிக்கிட்டு இருக்கானுவ, தெரியுது. சரின்னு அந்தால போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன், படம் அசையாம நிக்கி. பூக்காரன் ஒருத்தன் கையத் தூக்குன மேனிக்கே நிக்கான்.

வயரா இருக்கும்னு வயரை மாத்துனேன். படம் வந்துருச்சு. அப்பாடான்னு வெளிய போறேன், அத்தான் ரூம் டிவியில இருந்து சத்தம் இல்ல. எட்டிப் பாத்தா மறுபடியும் நிக்கி. போர்ட்டா இருக்கும்னு ஏழுல இருந்து எட்டுக்கு மாத்துனேன். வந்துருச்சு. மறுபடியும் நின்னுச்சு. டிவிக்குக் கீழ இருக்க, படம் வாங்குத பெட்டியா இருக்கும்னு சாப்பாட்டுக் கூடத்துப் பெட்டியக் கழட்டிக் கொண்டாந்து மாட்டுனேன். வந்துருச்சு. நின்னுச்சு. என்னத்தைத் தொட்டாலும் சரியாவுது அண்ணாச்சி, அதான் கொடுமை! ஒண்ணுமே சரியாகலைன்னா மொத்தத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு வேற வழி பாத்திருப்பேன். சரியாயிட்டே இருக்கத எவன் பிடுங்குவான்? சாப்பாட்டுக் கூடத்துல மத்த டிவியிலயும் நின்னுருக்கு. அங்க இட்லி திங்கிறவன் எவன் கவனிச்சான்?

அத்தான் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் மேசைக்கு அடியில குனியுதேன், எந்திரிக்கேன், மாடிப்படிக்கு அடியில ஸ்விட்ச்சு இருக்க அலமாரிக்கு ஓடுதேன், திரும்பி வாரேன். வேர்த்து ஊத்துது. பட்டுச் சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சு. 'இந்தா முடிஞ்சிரும் அத்தான், இந்தா முடிஞ்சிரும்'ங்கேன். அவரு இடது கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனாரு. மேல காட்டுனாரு. பேனைக் காட்டுதாருன்னு நெனச்சுப் பேனைக் கொஞ்சம் கூட்டி வச்சேன்.

அதுக்குள்ள மேல இருந்து ஆள் மேல ஆள். பிள்ளையத் தாய்மாமன் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போவணும். நெத்தியில பட்டம் கட்டணும். எங்க பக்கம் அது இல்லாம தாலி கிடையாது. அலங்காரத்தோட தாரிணி ரூம் வாசல்ல நிக்கா, மாமனைக் காணும். அக்காவே எறங்கி வந்துட்டா.

'என்னலே பண்ணுத? பிள்ள எம்புட்டு நேரம் நிப்பா?'

'அஞ்சே நிமிசம்க்கா.'

'குத்தாலம், இதை விட்டுரு. நாலு பேரைக் கூப்புடு. இவரைத் தூக்கிட்டுப் போயிருவோம்.'

'மறுபடியும் அதையே சொல்லாத. நான் சரி பண்ணித் தாரேன்னு சொன்னேன்லா?'ன்னு ஒரு சத்தம் போட்டேன். கல்யாண வீட்டுல அக்காவப் பாத்து அப்பிடிச் சத்தம் போட்டிருக்கக் கூடாது, ஒத்துக்கிடுதேன். ஆனா என் நெலமையில இருந்து பாக்கணும்லா?

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. வாட்ச்சப் பாத்தேன். பெட்டியை அமத்திட்டு மறுபடி ஆன் பண்ணுனா படம் வருது. வந்ததுல இருந்து நாலு நிமிசம் இருவது செகண்டு. கரெக்டா நிக்கி. மறுபடி அமத்திப் போட்டேன், நாலு நிமிசம் இருவது செகண்டு. மூணு தடவை பாத்துட்டேன், ஒரு செகண்டு கூடல, குறையல. கோளாறு பிடிபட்டுருச்சு பாருங்க! ஏன்னு தெரியல, ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சிருச்சு. அது போதும். ஐயரு ஒம்பது நாப்பதுக்குத் தாலின்னு சொல்லியிருந்தாரு. ஒம்பது முப்பத்தெட்டுக்குப் படம் வாரமாரி அமத்திப் போட்டா, ஒம்பது நாப்பத்திரெண்டேகால் வரைக்கும் ஓடும். தாலி கட்டுதத அத்தான் பாத்துரலாம். பெறகு நின்னா நிக்கட்டும்.

மேல ஓடுனேன். பிள்ளையக் கூட்டிட்டுப் போயி இருத்துனேன், பட்டம் கட்டுனேன். அவசரத்துல முடிச்சு ரெண்டு தடவை அவுந்துச்சு. மறுபடி கீழ ஓடுனேன். ஒம்பது முப்பத்தேழு கழிஞ்சு இருவது செகண்டுக்குப் பெட்டிய அமத்துனேன். அது எந்திரிக்க நாப்பது செகண்டு ஆவும். சரியா முப்பத்தெட்டுக்குப் படம் வந்துச்சு. 'அத்தான், இனி நிக்காது, கண்ண எடுக்காமப் பாருங்க'ன்னு சொல்லிட்டு, இருவத்திரெண்டு படியையும் ரெண்டு ரெண்டாத் தாண்டி மேல வந்து நின்னேன்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுத்தி வருது. பெரியவங்க ஒவ்வொருத்தரும் தொட்டுக் கும்புட்டு அனுப்புதாங்க. நான் வாட்ச்சப் பாக்கேன். நாப்பது. தட்டு மணவறைக்குத் திரும்பி வந்துருச்சு. ஐயரு கைய நீட்டுதாரு. அப்ப அக்கா எந்திரிச்சா.

'கொஞ்சம் பொறுங்க. அவரு தொடணும்லா? கீழ கொண்டு போயிட்டு வாரேன்'ன்னா.

வாட்ச்சப் பாத்தேன் அண்ணாச்சி. அவ போயிட்டு வர மூணு நிமிசம் ஆவும். என் கணக்கு என்ன ஆவுறது? 'வேண்டாம்க்கா! அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், நேரம் ஆவுது!'ன்னு கத்திட்டேன். மேளக்காரங்க திரும்பிப் பாக்காங்க. சம்பந்தியம்மா பக்கத்துல இருக்கவங்க காதுல என்னமோ சொல்லுதாங்க. தாரிணி தலையத் தூக்கி என்னையப் பாத்தா. அவ அப்பா தாலியத் தொடக் கூடாதுன்னு நான் சொன்னமாரி ஆயிப்போச்சு! நான் அவருக்காகத்தான சொன்னேன்? அந்தக் கூட்டத்துல நாலு நிமிசம் இருவது செகண்டு கணக்கை நான் யாருக்குன்னு வெளக்க?

அக்கா என்னையத் தாண்டி நடந்தா. தட்டை எடுத்துக்கிட்டு எறங்கிட்டா. அவரு கையில தட்டைத் தொட வச்சு, அட்சதைய உள்ளங்கையில வச்சு மூடிட்டு வந்தாளாம். அப்ப படம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சாம். நான் மணவறையில வாட்ச்சும் கையுமா நிக்கேன். நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. முள்ளு ஓடுது. அவ படியேறி வந்து தட்டைக் குடுக்கும்போது நாப்பத்திமூணு. முடிஞ்சு போச்சு.

ஐயரு தாலிய எடுத்துட்டாரு. கெட்டிமேளம், கெட்டிமேளம்ன்னுட்டாரு. நான் மணவறைய விட்டுக் குதிச்சு ஓடுனேன். தாய்மாமன், பிள்ளைக்குப் பின்னால நிக்க வேண்டியவன். ஓடுதேன். படி பாதியில பாத்தா, சமையக்காரனுவ நாலு பேரு சோத்து அண்டாவுல கம்பு போட்டுத் தோள்ல தூக்கிட்டு மேல ஏறி வாரானுவ. வழிய அடைச்சிக்கிச்சு. 'ஓரமா நில்லுங்க அண்ணாச்சி, சூடு, சூடு'ங்கானுவ. செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கேன். ஒவ்வொரு படியா வச்சு வச்சு ஏறுதானுவ. மேல மேளம் முழங்குது.

ரூமுக்குள்ள போனா டிவியில படம் நிக்கி. எப்பிடி நிக்கின்னு கேளுங்க. நான் நிக்கேன் அண்ணாச்சி. டிவி முழுக்க நான்தான். குனிஞ்சு வாட்ச்சப் பாத்துக்கிட்டு நிக்கேன். எனக்குப் பின்னால தாரிணி நெத்திப் பட்டம் ஒரு ஓரமாத் தெரியுது, அவ்வளவுதான். டிவியில சத்தம் இல்ல. மேளச் சத்தம் நேர மச்சுல இருந்து எறங்குது.

அத்தான் டிவியப் பாக்கல. மச்சைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மேளம் ஏற ஏற, இடது கையத் தூக்கி அந்த அட்சதைய மேல பாத்துப் போட்டாரு. அது எங்க போவும்? அவரு தலையிலயே விழுந்துச்சு. கண்ணு ரப்பையில ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

நான் அமத்திப் போட்டேன். நாப்பது செகண்டு. படம் வந்துச்சு. 'அத்தான், இந்தா வந்துருச்சு, பாருங்க, பாருங்க'ங்கேன். தாலி ஏறியாச்சு, எல்லாரும் பூவும் அரிசியும் போடுதாங்க. அவரு பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டாரு. நானும் பாக்கல, அவரும் பாக்கல. எதுக்கு ஓடுனேன்னு எனக்கே தெரியல. அங்கனயே தரையில ஒக்காந்து அழுதுட்டேன் அண்ணாச்சி, ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன.

அக்கா எறங்கி வந்தா. அவரு தலையில கெடந்த அரிசிய ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்தா. என்னையப் பாத்து ஒரு வார்த்தைதான் சொன்னா. 'இவருட்ட ஒருக்கக் கேட்டியாலே?' அவ்வளவுதான். அன்னைக்கு அடைச்ச அவ வாய், எங்கிட்ட இன்னும் தொறக்கல. எம்பொஞ்சாதி மட்டும் அங்க போயிட்டு வாரா. அத்தான் இப்ப 'ம்'முங்கிறதையும் விட்டுட்டாராம். தண்ணி வேணுமான்னா சும்மா பாத்துக்கிட்டு இருக்காராம். அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சு போறாளாம். இதெல்லாம் கேட்டா எனக்குச் சோறு எறங்குமா?

சமையல் மாஸ்டர் ஒருத்தன் பிறகு சொல்லுதான், 'அந்த அண்டா அவரை மாதிரி ரெண்டு ஆள் கனம் இருக்கும் அண்ணாச்சி, நாள் பூரா ஏத்துதோம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரைப் பூ மாதிரி கொண்டு போயிருப்போமே'ன்னு. அவனுக்கு என்ன தெரியும்? அவன் சோறு பொங்குதவன். இது டெக்னிக்கல் விசயம்.

போன வாரம் திருநெல்வேலியில ஒருத்தன்ட்ட இதைக் காட்டுனேன். சின்ன வயசு, காதுல கடுக்கன் போட்டிருக்கான். கால் மணி நேரம் தட்டிப் பாத்துட்டு, ஸ்விட்ச்சு நல்லாத்தான் இருக்குங்கான். பெறகு எப்பிடிப்பா நிக்கின்னேன். 'இதுல கேக்க ஆள் இல்ல சார்'ங்கான். என்னன்னா, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க யாராவது ஒருத்தன் எல்லா போர்ட்டையும் பாத்து 'யாருக்குப் படம் வேணும், யாருக்குப் படம் வேணும்'னு கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். டிவி 'எனக்கு வேணும்'னு பதில் சொல்லுமாம். கேக்க ஆள் இல்லன்னா டிவியும் பேசாம இருக்குமாம். நாலு நிமிசம் இருவது செகண்டு பாத்துட்டு, 'சரி, யாருக்கும் வேண்டாம் போல'ன்னு ஸ்விட்ச்சு படத்தை நிப்பாட்டிருமாம். நான் கழட்டிப் போட்டேன்லா, அந்த அழுக்கு ரவுட்டர், அதுதான் இத்தன நாளும் அந்தக் கேள்வியக் கேட்டுக்கிட்டு இருந்துச்சாம். ஸ்விட்ச்சுலயே ஒரு கட்டம் இருக்காம், அதுல ஒரு டிக் அடிச்சிருந்தா இதுவே கேட்டிருக்குமாம்.

நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? டிவி அங்கனதான இருக்கு. ராத்திரி பகலா அதே போர்ட்டுலதான இருக்கு. அதுக்குப் படம் வேணும்னு தெரியாதா? ஒருக்கக் கேட்டாச்சு, குடுத்தாச்சு. அதைப் போயி ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க, வேணுமா வேணுமான்னு கேக்கணும்னா, அது கோளாறு இல்லாம வேற என்ன? அதான் மதுரைக்குப் போறேன். பெரிய சென்டரு, அங்க வெவரமான ஆள் இருப்பான். லெட்டரை வாங்குதேன், நேர அக்கா வீட்டுக்குப் போறேன், அத்தான் மடியில விரிச்சு வைக்கேன். அவரு படிப்பாரு. படிச்சா வெளங்கிரும். வெளங்கும்லா?

ஏன் அண்ணாச்சி அப்பிடிப் பாக்கிய?

இது ராஜபாளையமா? மணி ஆறு ஆயிருச்சு. இந்த நேரம் ஆச்சுன்னா இன்னும் கை தன்னால பைக்குள்ள போவுது, போன எடுக்க. பழக்கம்.

இருங்க. நெசமாவே அடிக்கி. போனு இந்த ஸ்விட்ச்சுக்கு அடியில மாட்டிக்கிச்சு, இதைக் கொஞ்சம் பிடிங்க. கனம், பாத்து. ஆத்தாடி. அண்ணாச்சி, அத்தான்னு வருது. பேரு அத்தான்னு வருது!

அலோ. அக்கா? அக்காவா? அலோ, பஸ்ஸுல இருக்கேன், கேக்கலக்கா. அலோ.

யாரும் பேசல. மூச்சு வாங்குத சத்தம் மட்டும் கேக்கு. அத்தான்? நீங்களா? நான்தான் அத்தான், குத்தாலம். மதுரைக்குப் போறேன். அந்த ஸ்விட்ச்சக் கொண்டு போறேன். கோளாறு அதுலதான் அத்தான், திருநெல்வேலிக்காரன் ஒளறுதான், நான் லெட்டர் வாங்கிட்டு வந்துருதேன். இருவத்திநாலாவது போர்ட்டுல ஒரு ரவுட்டர் இருந்துச்சுல்லா, அதைக் கழட்டுனது தப்பில்ல அத்தான், ஆனா இந்த ஸ்விட்ச்சு என்ன பண்ணுதுன்னா... அத்தான்? கேக்குதா? நான் வேணும்னு செய்யல அத்தான். தட்டை வேண்டாம்னு சொன்னது அதுக்கு இல்ல. ஒங்க தலையில சத்தியமா அதுக்கு இல்ல.

ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு அண்ணாச்சி. வைக்கவும் இல்ல. மூச்சு கேக்கு. பாருங்க, போன்ல செகண்டு ஓடுது. மூணு நாப்பது. நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன், இன்னும் என்னத்தச் சொல்ல? மூணு அம்பத்தஞ்சு. வச்சிருவாரு. வச்சிட்டா இனி அடிக்க மாட்டாரு, எனக்குத் தெரியும். நாலு ஆயிருச்சு. நாலு அஞ்சு.

அத்தான்.

அத்தான், சாப்ட்டியளா?

அண்ணாச்சி, 'ம்'ங்காரு! 'ம்'ங்காரு அண்ணாச்சி! பக்கத்துல அக்கா அழுத சத்தம் கேக்கு. நாலு இருவது. நாலு இருவத்தொண்ணு. நிக்கல. வைக்கல. அந்த ஸ்விட்ச்ச எங்கயாவது கீழ போடுங்க, போனாப் போவுது. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. அடுத்து என்ன கேக்க? சட்டுன்னு ஒண்ணு சொல்லுங்க.